ஏழாவது தென்னை - ஒரு செம்பருந்து கூட்டோட நாட்குறிப்பு

2024 டிசம்பர் 28, சனி

காலைல மொட்டமாடில துணி காயப்போடப் போனேன், தோப்புல கிணத்துலருந்து எண்ணுனா ஏழாவது தென்னை, அதோட கொண்டைக்கு ஒரு செம்பருந்து கால்ல குச்சியப் பிடிச்சிட்டு வந்து இறங்குச்சு. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு வந்துச்சு, அதுகிட்டயும் குச்சி. துணிய அப்படியே வாளில விட்டுட்டு முக்கா மணி நேரம் நின்னுட்டேன். கூடு கட்டுதுங்க! எங்க ஊரு ஆத்தூர் பக்கம், தாமிரபரணி புன்னக்காயல்ல கடல்ல சேர்ற இடத்துக்குக் கொஞ்சம் மேல, ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் வாழையும் வெத்தலக் கொடிக்காலும். மீனும் நண்டும் ஈஸியா கெடைக்கிற ஊர்ல செம்பருந்துக்கு வேற என்ன வேணும். இருந்தாலும் எங்க தோப்புலயே கட்டுறத இப்பதான் முதல்தடவ பாக்கேன். இனி முடிஞ்ச அன்னிக்கெல்லாம் எழுதி வைக்கப்போறேன்.

2025 ஜனவரி 6, திங்கள்

ஒன்பது நாளா காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பாக்கேன். ரெண்டும் சேந்துதான் வேலை பாக்குது. கருவேலங்குச்சி, காஞ்ச முருங்கக் குச்சி, தென்னம்பாளைச் சில்லு, ஒருநாள் யாரோ கிழிச்சுப்போட்ட சாக்குத்துணி, ரெண்டு தடவ பச்சை கலர் நைலான் வலைத் துண்டு. அந்த வலைத் துண்டப் பாத்ததும் எனக்கு மனசுக்கு சரியா படல. குச்சிய கொண்டாந்து மட்டைக்கு நடுவுல சொருகும், அலகால இழுத்துப் பாக்கும், பிடிக்கலன்னா எடுத்து வேற பக்கம் வைக்கும், சில குச்சி கீழயே விழுந்துரும், அதத் திரும்ப எடுக்க வர்றதில்ல, புதுசு ஒண்ணு தேடிப் போயிரும்.

பக்கத்து வீட்டுப் பையன் இது ஊர்ப்பருந்துதானேன்னு கேட்டான். இல்ல. நல்லா வளந்த செம்பருந்துக்கு தலையும் நெஞ்சும் வெள்ளை, மீதி உடம்பு செங்கல் நிறம், வால் நுனி வட்டமா இருக்கும். ஊர்ப்பருந்து முழுசும் கருப்பும் பழுப்புமா, வால் கவட்டை மாதிரி பிளந்து இருக்கும். வால மட்டும் பாத்தாப் போதும், மேல எவ்வளவு உயரத்துல சுத்துனாலும் சொல்லிரலாம்.

ஜனவரி 14, பொங்கல்

பால் பொங்குற நேரத்துக்கு சரியா தலைக்கு மேல ஒண்ணு வட்டம் போட்டுச்சு. ஆச்சி கரண்டியக் கீழ வச்சுட்டு ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கிட்டா. அவளுக்கு அது கருடன், பெருமாள் வாகனம். கோயில் கும்பாபிஷேகத்துல கருடன் சுத்துனாத்தான் கலசத்துல தண்ணி ஊத்துவாங்கன்னு எத்தனையோ தடவ சொல்லியிருக்கா. ஆனா அதே கருடன் தாழ வந்தா கோழிக்குஞ்ச எல்லாம் பஞ்சாரத்த போட்டு மூடிருவா. ரெண்டுமே அவளுக்கு உண்மைதான்.

ஜனவரி 21, செவ்வாய்

பெட்டை உக்காந்துட்டு! நேத்து வரைக்கும் வர்றதும் போறதுமா இருந்துச்சு, இன்னிக்கு காலை ஆறரைலருந்து பத்து வரை எழுந்திரிக்கவே இல்ல, வெள்ளைத் தலை மட்டும் மட்டை இடுக்குல தெரியுது. முட்டைய நான் பாக்க முடியாது, எங்க மாடி அந்த உயரத்துக்கு வராது. செம்பருந்து வழக்கமா ரெண்டு முட்டை போடும், சிலநேரம் ஒண்ணு. அடைகாக்குறது அநேகமா பெட்டைதான், 26, 27 நாள் ஆகும். அப்பிடின்னா பிப்ரவரி 16, 17 வாக்குல பொரிக்கணும். காலண்டர்ல பென்சிலால வட்டம் போட்டு வச்சிருக்கேன்.

ஜனவரி 27, திங்கள்

இன்னிக்குத்தான் பயந்த நாள். தேங்கா வெட்டு. 45 நாளைக்கு ஒருக்க வெட்டுவோம், மரமேறுற அண்ணாச்சி காலைலயே அரிவாளோட வந்துட்டாவ. நான் முந்தின நாளே ஆச்சிகிட்ட சொல்லிருந்தேன், இருந்தாலும் நேர்ல நின்னு திரும்ப சொன்னேன்.

"ஆச்சி, அந்த ஏழாவது மரத்த மட்டும் விட்டுருவோம், முட்டை மேல உக்காந்திருக்கு."

"ஏல, அது நல்லா காய்க்கிற மரம்லா, பதினஞ்சு காய் விழும்."

"நெத்தாகி தானா விழட்டும், நான் பொறுக்கித் தாரேன்."

அண்ணாச்சி நடுவுல வந்து, "ஆச்சி, அது வேணாம், குஞ்சு இருக்கையில ஏறுனா தலைல கொத்தும், ஒருக்க திருச்செந்தூர் பக்கம் ஒரு மரத்துல ஏறி எனக்கு மண்டைல ரத்தம் வந்துட்டு, தலைல துண்டு கட்டிருந்தும்"னு சொன்னாவ. ஆச்சி கொஞ்சநேரம் மேல பாத்துட்டு நின்னா. அப்புறம் "கருடன் வீடு கட்டுன மரத்துல நாம எதுக்கு அருவா வைக்கணும், வுடு"ன்னுட்டா. எனக்கு கண்ணு கலங்கிட்டு. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையோட கூட்டையோ முட்டையையோ கலைக்கிறதும் வேட்டைக் கணக்குலதான் வரும், அத சொல்லலாம்னு மனசுல தயாரா வச்சிருந்தேன், தேவைப்படல.

அண்ணாச்சி எட்டாவது மரத்துல ஏறும்போதே ஆண் வந்து ரெண்டு தடவ தாழ சுத்துச்சு, பூனைக்குட்டி அழுற மாதிரி கீயேஏன்னு ஒரு சத்தம். பெட்டை அசையல.

பிப்ரவரி 9, ஞாயிறு

தூத்துக்குடி போயிட்டு வந்தேன். பஸ் ஜன்னல்லருந்து ஒரு செல்போன் டவர்ல ஊர்ப்பருந்து கூடு, அதுலருந்து வெள்ளைப் பாலிதீன் கவர் கொடி மாதிரி தொங்குது. குப்பைய எடுத்து வச்சிருக்குன்னு நானும் முன்னாடி நெனச்சிருந்தேன். ஆனா ஸ்பெயின்ல தோனியானாங்கிற இடத்துல ஃபாப்ரிசியோ செர்ஜியோவும் கூட வேலை செஞ்சவங்களும் ஊர்ப்பருந்தப் பாத்து 2011ல சயின்ஸ் பத்திரிகைல எழுதினாங்க. அந்த வெள்ளை பிளாஸ்டிக் மத்த பருந்துக்குக் காட்டுற எச்சரிக்கை. நல்ல பலத்தோட இருக்கிற, 7லருந்து 12 வயசுக்குள்ள உள்ள பறவைங்க நிறைய வச்சிருக்கும், அது கூட்டுப் பக்கம் மத்தது வந்து தொந்தரவு பண்ணுறது கம்மி. ரொம்ப சின்ன வயசுப் பறவையும் வயசான பறவையும் கம்மியா வைக்கும், இல்ல வைக்கவே வைக்காது. ஆராய்ச்சி பண்ணவங்க வேணும்னே கூடுதலா பிளாஸ்டிக் கொண்டுபோய் வச்சா, அதத் தாங்கிக்க முடியாத பறவைங்க தானே எடுத்துப் போட்டுருச்சாம். இல்லாத பலத்தக் காட்டுனா சண்டைக்கு ஆள் வரும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. படிச்சதுலருந்து எந்தப் பருந்துக் கூட்டப் பாத்தாலும் என்ன வச்சிருக்குன்னுதான் கண்ணு முதல்ல போகுது.

எல்லா வேட்டைப் பறவையும் இப்படி கட்டுறதும் கெடையாது. பைரி இனத்துக்கு குச்சி அடுக்குற பழக்கமே இல்ல, பாறை விளிம்புல மண்ண லேசா கீறிட்டு அதுலயே முட்டை போடும். நீலகிரி பக்கம் மாயாறு பள்ளத்தாக்குல வெண்முதுகுப் பாறு, அதான் பிணந்தின்னிக் கழுகுல ஒரு வகை, ஆத்தோரம் நிக்கிற நீர்மருது மரத்துல கட்டும், வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. அமெரிக்கால வெண்தலைக் கழுகு ஒரே கூட்டுல வருஷா வருஷம் குச்சி சேக்கும், ஃபுளோரிடால ஒரு கூடு 1963ல அளந்தப்ப கிட்டத்தட்ட 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம். எங்க ஏழாவது மரத்துக் கூடு ஒரு பெரிய தாம்பாளம் அளவு இருக்கும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 17, திங்கள்

27வது நாள். காலை 7:10க்கு ஆண் ஒரு மீனோட வந்துச்சு. வழக்கமா பெட்டை மீன வாங்கிட்டு வேற மட்டைக்குப் போய் தின்னும், இன்னிக்கு கூட்டுலயே நின்னு பிச்சு பிச்சு, தலையக் குனிஞ்சு, அப்பிடியே நிறுத்தி வச்சு, மறுபடி பிச்சு... அது தின்னல, ஊட்டுது. பொரிச்சுட்டு! நான் மாடிலருந்து கத்துனதுல அம்மா பயந்து மேல ஓடி வந்துட்டா.

பிப்ரவரி 27, வியாழன்

ரெண்டு தலை. பஞ்சு மாதிரி அழுக்கு வெள்ளைல. ஒண்ணு நல்லா நிமிந்து வாயத் தொறக்குது, இன்னொண்ணு சின்னது, ரெண்டு மூணு நாள் பிந்திப் பொறந்திருக்கணும். முதல் முட்டை போட்டதுமே அடைகாக்க ஆரம்பிக்கிறதால வேட்டைப் பறவைங்கள்ல இது சகஜம், மூத்தது பெருசா இருக்கும், சாப்பாடும் அதுக்குத்தான் முதல்ல. காலை ஆறுலருந்து பதினொண்ணு வரை எண்ணுனேன், ஆண் நாலு தடவ இரை கொண்டாந்துச்சு, மூணு மீன், ஒரு நண்டு. நண்டோட காலு ஒண்ணு கீழ விழுந்துச்சு, எடுத்து வச்சிருக்கேன், அலகு பட்ட இடம் கத்தியால சீவுன மாதிரி சுத்தமா இருக்கு.

மார்ச் 11, செவ்வாய்

மார்ச் மாசத்துல இப்படி ஒரு மழை. மதியத்துலருந்து விடல. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் மழை வலுத்தாலே இங்க எல்லாருக்கும் நெஞ்சு படபடங்குது, எனக்கு இன்னிக்கு கூட்டு நெனப்பும் சேந்துகிட்டு. குடையப் பிடிச்சு மாடிக்குப் போனேன். பெட்டை ரெக்கைய ரெண்டு பக்கமும் பாதி விரிச்சு, கூட்டு மேல கவுத்துன மாதிரி உக்காந்திருக்கு. முதுகுல தண்ணி ஓடுது, வெள்ளைத் தலை நனைஞ்சு ஒட்டி அது பாதியா சுருங்குன மாதிரி தெரியுது. காத்துல கொண்டையே சாய்ஞ்சு நிமிருது, அதுவும் கூடவே சாய்ஞ்சு நிமிருது. ஆண் பக்கத்து மரத்துல. ரெண்டு மணி நேரம் அது ரெக்கைய மடக்கவே இல்ல.

மார்ச் 14, வெள்ளி

ஒரு தலைதான் தெரியுது. நேத்தும் ஒண்ணுதான். சின்னதக் காணோம். மரத்தடில தேடிட்டேன், ஒண்ணும் இல்ல. மழைலயா, மூத்தது தின்னவிடாம பண்ணிட்டா, காக்கா தூக்கிட்டா, கீழருந்து எப்படித் தெரியும். அண்ணாச்சி நேத்து அடுத்த வெட்டுக்கு வந்திருந்தாவ, நாங்க சொல்லாமலே ஏழாவதத் தாண்டிப் போயிட்டாவ. இறங்கும்போது "ரெண்டுல ஒண்ணு தேறுனாலே பெருசு தம்பி"ன்னாவ. எனக்கு பேச்சு வரல.

மார்ச் 30, ஞாயிறு

குஞ்சு இப்ப குஞ்சு இல்ல. பஞ்செல்லாம் போயி முழுசும் பழுப்பு. அப்பா அம்மா நிறம் துளிகூட இல்ல, வெள்ளைத் தலைக்கு இன்னும் காலம் இருக்கு. இந்த வயசுல பாத்துட்டுத்தான் நிறைய பேர் ஊர்ப்பருந்துன்னு ஏமாந்துருவாங்க. மட்டைல நின்னுகிட்டு ரெக்கைய அடிக்குது, ஒரு அடி எழும்புது, பயந்து திரும்ப மட்டையப் பிடிச்சுக்குது. ஒரு காக்கா பின்னாடி வந்து வால இழுத்துச்சு, பெட்டை வந்து விரட்டுன வேகத்துல ரெண்டு தேங்கா நெத்து உதுந்துச்சு.

ஏப்ரல் 9, புதன்

காலை 8:40. எந்த அறிவிப்பும் இல்ல. மட்டை நுனிக்கு நடந்துச்சு, மட்டை வளைஞ்சுச்சு, வளைஞ்சதுல இதுக்கு வேற வழியில்லாம ரெக்கைய விரிச்சுது, அவ்வளவுதான், வாழைக்கு மேல தாழப் பறந்து, கிணத்தத் தாண்டி, வேப்பமரத்துல போய் முட்டாத குறையா உக்காந்துச்சு. பொரிச்சு 51 நாள். ஆச்சியக் கூட்டிட்டு வந்து காட்டுனேன், அவ அதுக்கும் கன்னத்துல போட்டுக்கிட்டா.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேத்து ராத்திரி காத்துல ஏழாவது மரத்துலருந்து ரெண்டு மட்டை விழுந்து, கூட்டுல பாதியும் கூடவே கீழ வந்துட்டு. காலைல உக்காந்து ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தேன். அடில கட்டைவிரல் தடிமன்ல கருவேலங்குச்சி, மேல போகப் போக மெலிசு, உள்குழில பன்னாடையும் சாக்கு நாரும் காஞ்ச வேப்ப இலையும். கெழுத்தி மீன் முள்ளு நிறைய, நண்டு ஓடு.

அப்புறம் அந்த பச்சை நைலான். மூணு துண்டு. ஒண்ண இழுத்தப்ப குச்சிக்குள்ளருந்து அதுகூட ஒரு சின்னக் காலும் வந்துச்சு, காஞ்சு போன காலு, என் சுண்டுவிரல் நீளம், நகம் நாலும் அப்படியே இருக்கு. கணுக்கு மேல நைலான் மூணு சுத்து சுத்தி தோலுக்குள்ள இறங்கியிருக்கு. மழையும் இல்ல, காக்காவும் இல்ல.

அண்ணாச்சிகிட்ட காட்டுனேன். ரொம்ப நேரம் கைல வச்சுப் பாத்துட்டு, "வலை பின்னுறவன் அறுந்தத மணல்லயே போட்டுட்டுப் போயிருவான், நானும் போட்டிருக்கேன் தம்பி, சின்ன வயசுல படகுல போனப்ப"ன்னாவ. காலக் கிணத்தடில புதைச்சோம். நைலான் மூணையும் ஒரு டப்பால போட்டு மூடி வச்சிருக்கேன். நாளைக்கு சாயங்காலம் அண்ணாச்சியும் நானும் ஒரு உரச்சாக்கு எடுத்துட்டு புன்னக்காயல் கரைக்குப் போறோம், வலை காயப்போடுற இடத்துல கெடக்குற துண்டெல்லாம் பொறுக்க.

இத எழுதிட்டு இருக்கும்போது வேப்பமரத்துலருந்து சத்தம் கேக்குது. இன்னும் தானா இரை பிடிக்கத் தெரியல, ஆண் மீன் கொண்டுவர்ற வரைக்கும் கத்திகிட்டே இருக்கும்.