மாதா காலடியில் தம்பியின் ஆய்வேடு

போன சனிக்கிழமை அம்மாவின் நேர்ச்சையை ஒருவழியாகச் செலுத்திவிட்டோம். தம்பியின் இறையியல் ஆய்வேடு தேறினால் புதுச்சேரி ஜென்மராக்கினி மாதா கோயிலிலிருந்து வில்லியனூர் லூர்து மாதா வரை செருப்பில்லாமல் நடந்து வருகிறேன் என்று இரண்டு வருஷத்துக்கு முன் வேண்டிக்கொண்டாள். இப்போது அம்மாவுக்கு 68.

தம்பி குருவானவர். கார்ல் ரானர் என்ற கத்தோலிக்க இறையியலாளர் கடவுளின் அருளைப் பற்றிச் சொன்னதுதான் அவன் ஆய்வு. முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள், காரணம்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை, அவன் போனில் அழுத ராத்திரியை என்னால் மறக்க முடியாது. மறுநாள் அவனே சொன்னான், ரானருக்கும் இதுதான் நடந்தது அக்கா என்று. 1904ல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் பிறந்து, 18 வயதில் சேசு சபை என்ற துறவற சபையில் சேர்ந்து, இடைக்கால இறையியலாளர் அக்குவினா தோமாவைப் பற்றி அவர் எழுதிய ஆய்வேட்டைப் பேராசிரியர் ஏற்கவில்லையாம். அதையே 1939ல் புத்தகமாகப் போட்டார். 1962ல் அவர் எழுத்துக்கு உரோமையில் இருக்கும் திருச்சபைத் தலைமை தணிக்கை வைத்தது, அப்புறம் அதே ரானர்தான் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இறையியல் வல்லுநராக உட்கார்ந்தார். இதைக் கேட்டு அம்மா, "அந்தச் சாமிக்கே அப்படியா? அப்ப நம்ம சாமிக்கும் மாதா நடத்தித் தருவா" என்றாள். குருப்பட்டம் வாங்கின நாளிலிருந்து மகனை அவள் சாமி என்பாளே தவிர வாடா போடா என்றதில்லை.

விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினோம். ரெட்டியார்பாளையம் வரை செபமாலை ஓடியது. மூலக்குளம் தாண்டியதும் அம்மாவின் குதிகாலில் கொப்புளம் உடைந்து ரத்தம், ஆட்டோ வைக்கிறேன் என்றால் முறைக்கிறாள். அரும்பார்த்தபுரம் பாலத்தில் தம்பி தோளைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், கொண்டுவந்திருக்கிறோம் என்றாலும் விடுவதில்லை. உள்ளே தள்ளுமுள்ளு, செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறவர்களைத் தாண்டி மாதா முகத்தைப் பார்ப்பதற்குள் எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது.

அம்மா தன் கல்யாணப் புடவையின் துண்டில் சுற்றி வைத்திருந்த ஆய்வேட்டைப் பிரித்துப் பீடத்தடியில் வைத்தாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அட்டையில் பொன்னெழுத்தில் இருந்த தம்பி பெயரை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். மாதாவிடம் சத்தமாக அரைமணி நேரம் பேசுகிறவள், அன்றைக்கு உதடுகூட அசையவில்லை. கடவுள் அருளை ஒரு பொருள் மாதிரி எடுத்துக் கொடுப்பதில்லை, தன்னையே கொடுக்கிறார் என்ற ரானரின் வரியைத் தம்பிக்குத் தட்டச்சு செய்து கொடுத்தவள் நான்தான், அப்போது விளங்கவில்லை. வீட்டுக் கடன், மகள் கல்யாணம் என்று நான் கேட்க வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. நன்றி மாதாவே, நன்றி மாதாவே, அவ்வளவுதான் வந்தது, கண்ணீர் நிற்கவே இல்லை.

குளத்தங்கரையில் காலைக் கழுவும்போது அம்மா கேட்டாள், "அந்த ரானர் சாமி இருக்காரா?"

"1984லயே இறந்துட்டார்மா. மார்ச் 30."

விரல் விட்டு எண்ணினாள். "அன்னைக்கு அவர் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைங்க சாமி. காசு நான் தர்றேன்."