மெதுவா ஓடுங்கோ

“மெதுவா ஓடுங்கோ அண்ணை” என்றுதான் சொன்னேன். “ஓடலாம்” என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை இன்றுவரை எனக்கு நானே விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

2022 ஐப்பசி. விதைப்பு நேரம், டீசலுக்கு வரிசை, சாமான் விலை கிழமைக்குக் கிழமை ஏற்றம். கிளிநொச்சி வட்டக்கச்சிப் பக்கமிருந்து என்னிடம் திருத்த வந்த பழைய மாசி பேர்குசன் 135 உழவு மெசின். அதில் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தண்டு போகும். தண்டுக்கு இரண்டாக நாலு மூட்டு, ஒவ்வொன்றிலும் கிண்ணத்துக்குள் ஒரு குண்டு இருந்து திரும்பும். அண்ணையைச் சுக்கானை அசைக்கச் சொல்லி, மூட்டுகளில் கைவைத்துப் பார்த்தேன். கால் சுற்றுச் சுற்றியும் சில்லு திரும்பவில்லை. நாலும் தேய்ந்துவிட்டது. வலப்பக்கம் படுமோசம்.

அவரிடம் இரண்டுக்குத்தான் காசு. வலப்பக்கத்தை மாற்றினேன். நட்டை இளக்கி, மூட்டின் கூம்பு இறுகியிருக்கும் இரும்புக் கண்ணின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தால் கூம்பு பிடியை விட்டுவிடும். பழசு எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதுசையும் அத்தனை சுற்றே ஏற்றினேன். பிசகினால் சில்லு கோணி ரயரைத் தின்னும். நட்டுக் கழராமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னுக்கான ஓட்டை நேர்படாதபோது நட்டை இளக்கவில்லை, இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கினேன். ஓட்டைக்கு இவ்வளவு பார்த்தவன்தான் இடப்பக்கத்தை அப்படியே விட்டேன்.

“நெல்லு வெட்டு முடியட்டும் தம்பி, அதையும் மாத்துவம். இப்ப ஓடலாமோ?”

அங்கேதான் அந்தச் சொல் வந்தது. வேறென்ன சொல்வது? மெசினை மறித்து வைக்க நான் யார்? எனக்குத் தொழில் பழக்கியவர் சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக்காலத்தில் மூட்டுக் கிண்ணத்துக்குள் தகரம் வெட்டி வைத்து ஓடவிட்டவர். அதை நினைத்து மனதைத் தேற்றுவதுண்டு. ஆனால் அவரிடம் சாமான் இருக்கவில்லை. என் ராக்கையில் இன்னும் இரண்டு புது மூட்டு இருந்தது. கடனுக்குப் போட்டிருக்கலாம். அந்த மாதம் கடன் கொப்பி நிறைந்திருந்தது, அதுவும் பொய்யில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. பங்குனியில் ஒரு பை புது அரிசியோடு சிரித்துக்கொண்டு வந்தார். இடப்பக்கத் தண்டைப் பிடித்துக் கீழே இழுத்தேன். குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்று கையோடு வந்தது.

“நெல்லு முழுக்க மகன்தான் இழுத்தவன்,” என்றார். “பெடியனுக்குப் பதினேழுதான், ஆனா நல்லா ஓடுவான்.”

வாய்க்கால் கட்டுப் பாதை. இழுவைப் பெட்டியில் மூட்டை, மூட்டைக்கு மேலே ஆட்கள். எப்படிப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். ‘மெதுவா’ என்பதை நான் அவரிடம் சொன்னேன்; அவர் மகனிடம் சொன்னாரா என்று கேட்க வாய் வரவில்லை.

“பழசு எப்பிடி இருந்தது?”

“தேஞ்சுதான் இருந்தது அண்ணை.”

இரும்புக்குப் போடலாம், தா என்றார். எறிந்துவிட்டேன் என்றேன். அது எண்ணெய்த் துணிக்குக் கீழே, என் காலடியில் கிடந்தது. அரிசியை வாங்கி உள்ளே வைத்தேன்.