"அருமை" மட்டும் போதாது

ஒருவர் தாம் எடுத்த புகைப்படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டால், "அருமை" என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். அரை நிமிடம் பேசாமல் பாருங்கள். கண் எங்கே நிற்கிறது, எங்கே இடறுகிறது? அதைச் சொல்லுங்கள்.

நண்பர் ஒருவர் தம் பாட்டியை எடுத்த படத்தைக் காட்டினார். ஜன்னல் வெளிச்சம் கன்னச் சுருக்கங்களில் அவ்வளவு இதமாக இறங்கியிருந்தது. அதை முதலில் சொன்னேன். ஆனால் ஃபோகஸ் கண்களில் இல்லை, மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் விழுந்திருந்தது. தலைக்குப் பின்னால் கதவு விளிம்பு கொம்புபோல் நீட்டிக்கொண்டிருந்தது. "கண்களும் தெளிவாக விழ, அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித் திறப்பை) எஃப் 1.8-இலிருந்து எஃப் 4-க்குச் சுருக்கி, ஓரடி இடப்பக்கம் நகர்ந்து எடுத்துப் பாருங்கள்" என்றேன். உடனே கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்!

முகம் நடுவில் இருப்பதையே குறையாகச் சொல்பவர்களோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. படத்தை மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில் முக்கியமானதை வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதி வெறும் வழிகாட்டிதான். அந்தப் பாட்டியின் நேர்ப்பார்வைக்கு நடுவிடமே பொருத்தம்.