எட்டுக் கம்பிகள்: ரோஸ் ஹில் நாட்குறிப்பு, 2024

ஜனவரி 17, புதன்

பெலால் புயல் திங்கட்கிழமை வந்து போனது. நேர் அடி பக்கத்துத் தீவு ரெயூனியனுக்கு, மொரிஷியஸில் நமக்கு வெள்ளம். போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்ததை எல்லோரும் போனில் பார்த்தோம். இன்று அங்கே ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்துக்குப் போனோம். தரைத்தளம், ரேக்கின் பாதி உயரம் வரை சேறு. அடியில் இருந்த சுவிட்சை, கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியை, கழற்றிச் சாய்த்தால் தண்ணீர் கொட்டியது. நாற்பத்தெட்டு கேபிள், ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளில் எழுத்தே இல்லை, எந்தக் கேபிள் எந்த மேசைக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி முடிக்க மாலை ஐந்தாகிவிட்டது.

அடுத்த வாரம் வகுப்பு தொடங்குகிறது, இரண்டாம் ஆண்டின் இரண்டாம் பருவம். கணினி அமைப்புகளும் வலையமைப்பும் என்பது பட்டத்தின் பெயர். எனக்கு முப்பத்தைந்து வயது, பன்னிரண்டு வருடமாகக் கேபிள் இழுக்கிறேன். அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை என்று 2019-இல் அறிவித்திராவிட்டால் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டேன். வகுப்பு ஆங்கிலத்தில், கூடப் படிக்கிறவர்களோடு பேச்சு தீவின் பேச்சுமொழியான கிரியோலில். இந்தக் குறிப்புகளை மட்டும் தமிழில் எழுதுகிறேன், பள்ளிக்கூடத்தில் அம்மா விடாமல் படிக்க வைத்த தமிழ். ஒரு விஷயத்தைத் தமிழில் எழுத முடிந்தால்தான் அது எனக்குப் புரிந்திருக்கிறது என்று நம்புகிறேன்.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். பத்து நாள் விரதம் முடிந்தது. காத்ர் போர்ன் மலைக் கோயிலுக்குக் காவடி எடுத்தேன், இந்த வருடம் பால் கெட்டுப்போகாமல் சேர்ந்தது. வாழையிலையில் ஏழு கறி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். புத்தகத்தைத் தொடவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

இன்று ஆய்வகத்தில் நடந்ததை நீளமாகவே எழுத வேண்டும்.

கேபிள் முனையில் ஆர்ஜே-45 என்ற பிளக்கை மாட்டுவதுதான் பயிற்சி. கேபிளுக்குள் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. கூட இருந்த பையன்கள் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் அது என் சோறு. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஆனால் விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்டார்: பச்சை ஜோடியை ஏன் பிரித்து நீலத்துக்கு இரண்டு பக்கமும் வைக்கிறோம், வரிசையாக ஜோடி ஜோடியாக வைத்தால் என்ன? பன்னிரண்டு வருடத்தில் நான் இதைக் கேட்டதில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த பத்ரோனும், என் முதலாளி, கேட்டிருக்க மாட்டார்.

பதில் பழைய டெலிபோனில் இருக்கிறது. டெலிபோன் பிளக்கில் முதல் லைன் நடு இரண்டு முள்ளில் வரும், இரண்டாவது லைன் அதற்கு வெளிப்பக்கம் இருபுறமும். அந்த அமைப்போடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக 4, 5-ஆம் முள்ளில் நீல ஜோடி, 3, 6-ஆம் முள்ளில் பச்சை ஜோடி. சரி, அது வரலாறு. அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஒரு ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே சமிக்ஞை எதிரெதிராக ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல், முறுக்கியிருப்பதால், இரண்டின் மேலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுகிறது. வாங்கும் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது, அப்போது இரைச்சல் கழிந்துபோகிறது. நான்கு ஜோடிக்கும் முறுக்கு நான்கு விதமாக இருப்பதும் வேண்டுமென்றேதான், பக்கத்து ஜோடியின் பேச்சு இதற்குள் புகாமல் இருக்க. முனையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்காதே என்று விதி இருப்பதும் இதனால்தான். நான் இதை அழகுக்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்!

அப்புறம் அவர் வேண்டுமென்றே ஒரு கேபிளைத் தப்பாக மாட்டினார், இரண்டு முனையிலும் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று வரிசையாக. கேபிளைச் சோதிக்கும் எங்கள் டெஸ்டரில் போட்டால் எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்தது. ஒன்றுக்கு ஒன்று, எட்டுக்கு எட்டு, ஒரு குறையும் இல்லை. ஆனால் 3-லும் 6-லும் இருப்பது இப்போது ஒரு ஜோடி இல்லை, ஒன்று பச்சைக் குடும்பம், இன்னொன்று நீலக் குடும்பம். முறுக்கின் பலன் போய்விட்டது. குட்டைக் கேபிளில் ஓடிவிடும், அறுபது எழுபது மீட்டரில் தடுமாறும். கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்பதை மட்டும்தான் அந்த டெஸ்டர் பார்க்கும், எது எதோடு முறுக்கியிருக்கிறது என்பதைப் பார்க்காது.

வீட்டுக்கு வரும் வழியில், மெட்ரோவில் நின்றுகொண்டே, பழைய வேலை ஒன்று நினைவுக்கு வந்தது. கியூர்பைப்பில் ஒரு கடை. வேறு யாரோ இழுத்த கேபிள், டெஸ்டரில் பச்சை, ஆனால் கணினி நிமிடத்துக்கு ஒருமுறை விழும். மூன்று தடவை போனோம், கடைசியில் கணினியைக் குறை சொல்லிவிட்டு வந்தோம். இப்போது எனக்கு அந்த முனையைத் திறந்து பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

வலையமைப்பில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள எண் முகவரிகளைச் சின்னப் பகுதிகளாகப் பிரிக்கும் பாடம். வகுப்பில் பாதிப் பேர் முழிக்கிறார்கள். எனக்கு அப்பாவின் தராசு உதவியது. அப்பா ரோஸ் ஹில் சந்தையில் காய்கறி விற்றவர். எடைக்கற்கள் எட்டு இருக்கின்றன என்று வைத்துக்கொள், 128, 64, 32, 16, 8, 4, 2, 1. ஒவ்வொரு கல்லையும் ஒரு தடவைதான் வைக்கலாம், வைத்தால் 1, வைக்காவிட்டால் 0. 0 முதல் 255 வரை எந்த எடையையும் இந்த எட்டுக் கல்லால் நிறுத்துவிடலாம். 192 என்றால் முதல் இரண்டு கல் மட்டும். பகுதி எவ்வளவு பெரியது என்று சொல்லும் 255.255.255.192 என்ற எண்ணின் கடைசித் துண்டு அவ்வளவுதான். மீதி ஆறு கல்லால் 0 முதல் 63 வரை, அதாவது ஒரு பகுதியில் 64 முகவரி, முதலும் கடைசியும் ஒதுக்கிவிட்டால் சாதனங்களுக்கு 62.

மகளுக்கு எட்டு வயது, அவளுக்குச் சொன்னேன், பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். நான் எண் சொல்ல, அவள் அட்டைத் துண்டுகளை மேசையில் வைத்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கா முழுவதற்கும் இந்து மாக்கடல் தீவுகளுக்கும் இணைய முகவரிகளைப் பங்கிடும் ஆஃப்ரினிக் என்ற அமைப்பு இருப்பது நம் எபேனில். 2005-இல் அங்கீகாரம் பெற்றது, உலகில் இப்படி ஐந்துதான் உண்டு. அந்தப் பகுதிக் கட்டடங்களில் நான் எத்தனை கூரைக்குள் ஊர்ந்திருக்கிறேன், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே.

மார்ச் 6, புதன்

2016, வடக்குக் கடற்கரையில் ஒரு ஓட்டல், இரவு ஒன்பது மணி. வரவேற்பு மேசை, அறைகளின் வைஃபை, சமையலறையின் ஆர்டர் அச்சு எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோனது. சுவிட்சில் எல்லா விளக்கும் வெறி பிடித்த மாதிரி ஒன்றாகத் துடித்தது. மறுபடி போட்டால் சில வினாடி சரியாக இருக்கும், பிறகு அதே. விடியும் வரை ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கினோம். கூட்ட அறையில் யாரோ தரையில் கிடந்த கேபிளின் இரண்டு முனையையும் சுவரின் இரண்டு துளையில் செருகியிருந்தார்கள், சும்மா ஒழுங்காக இருக்கட்டும் என்று. பிடுங்கினோம், சரியானது, காரணம் தெரியாமல் வீட்டுக்குப் போனோம். பத்ரோன் சுவிட்ச் சூடாகிவிட்டது என்றார், நானும் பல வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று காரணம் தெரிந்தது. இணைய முகவரியோடு போகும் தரவுத் துண்டான ஐபி பொட்டலத்துக்கு ஆயுள் உண்டு, வலையமைப்புகளை இணைக்கும் ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறைந்து பூஜ்ஜியமானால் எறியப்படும். அதைச் சுமந்து கேபிளில் போகும் ஈதர்நெட் சட்டகத்துக்கு அப்படி ஆயுள் எண் கிடையாது. எல்லோருக்கும் என்று அனுப்பிய ஒரு சட்டகம் அந்தக் கேபிள் போட்டது போன்ற வளையத்துக்குள் விழுந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் துளையிலும் பிரதி போகும், அடுத்தது வரும், அதுவும் சுற்றும். சில வினாடியில் வலையமைப்பில் அதைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

இதற்கு மருந்து 1985-லேயே வந்துவிட்டது. ராடியா பெர்ல்மன் என்ற பெண், டெக் என்ற கணினி நிறுவனத்தில் இருந்தபோது கண்டுபிடித்தது. சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி ஒன்றை வேராகத் தேர்ந்தெடுக்கும், மற்றவை வேருக்குப் போகும் மிகக் குறைந்த செலவுள்ள வழியை வைத்துக்கொண்டு, வளையம் உண்டாக்கும் துளைகளை மூடிவிடும். கேபிள் அங்கேயே இருக்கும், பாதை மட்டும் மரமாகிவிடும். ஒரு கிளை அறுந்தால் மூடிய துளை திறக்கும். அந்த ஓட்டலில் இருந்தது இதெல்லாம் தெரியாத மலிவு சுவிட்ச். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, உண்மையாகவே.

மார்ச் 15, வெள்ளி

நேற்று ஐவரி கோஸ்ட் அருகே கடலடியில் நான்கு கேபிள்கள் அறுந்தன: வாக்ஸ், மெயின்ஒன், ஏஸ், சாட்-3. மேற்கு ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இணையம் நின்றுவிட்டது. போன மாதம் செங்கடலில் அறுந்தவையே இன்னும் சரியாகவில்லை. விரிவுரையாளர் பாடத்தை மூடி வைத்துவிட்டு, நம் தீவின் கேபிள்களை வரையுங்கள் என்றார். சேஃப், 2002-இலிருந்து: கேப் டவுன் பக்கம் மெல்க்பாஸ்ஸ்ட்ராண்டில் சாட்-3-ஐத் தொட்டு, ரெயூனியன் வழியாக நம் தெற்குக் கரையில் பே ஜாகோதே, அங்கிருந்து கொச்சி, பினாங்கு. லயன், 2009, மடகாஸ்கருக்கு. மெட்டிஸ், 2021, தென்னாப்பிரிக்காவுக்கு, சுமார் 3,200 கிலோமீட்டர்.

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியானால் மெட்டிஸ் வழியாகத் தென்னாப்பிரிக்கா போக 16 மில்லிவினாடி, போய்த் திரும்ப 32. எவ்வளவு விலை கொடுத்து ரூட்டர் வாங்கினாலும் இதற்குக் கீழே இறங்காது. "இணையம் மெதுவாக இருக்கிறது" என்று வாடிக்கையாளர் சொன்னால் நான் இதுவரை கேபிளை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இனி முதலில் அந்த சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்பேன்.

ஏப்ரல் 3, புதன்

செய்முறைத் தேர்வு. ஐந்து சுவிட்ச். எனக்குப் புதிய வேகமான சுவிட்ச் வேராக இருக்க வேண்டும், ஆனால் மூலையில் இருந்த பழையது வேராகிவிட்டது. முன்னுரிமை எண் சிறியதாக இருப்பதுதான் வேராகும். எல்லாவற்றுக்கும் அந்த எண் ஒரே 32768, சமமானால் மேக் முகவரி, சாதனத்திலேயே பதிந்து வரும் எண், சிறியதாக இருப்பது ஜெயிக்கும், பழைய சாதனங்களுக்குப் பெரும்பாலும் சிறிய எண். கண்டுபிடிக்க எட்டு நிமிடம் ஆனது. புதிய சுவிட்சின் முன்னுரிமை எண்ணைக் குறைத்தேன், நேரத்துக்குள் முடிந்தது.

மே 13, திங்கள்

நேற்று டர்பனுக்கு வடக்கே ஈஸி, சீகாம் என்ற கடலடிக் கேபிள்கள் இரண்டும் அறுந்து கென்யா, தான்சானியா பக்கம் இணையம் படுத்துவிட்டது. வேலை, தேர்வுப் படிப்பு, தூக்கமில்லை. மனைவி இரவு பதினொன்றுக்குத் தேநீர் வைத்துக்கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிறாள், பதிலை நோட்டில் சரிபார்க்கிறாள். இந்தப் பட்டத்தில் பாதி அவளுடையது.

மே 29, புதன்

தேர்வு முடிந்தது. இன்று பத்ரோன் வடக்கே ஒரு வேலைக்கு அனுப்பினார், போய்ப் பார்த்தால் அதே ஓட்டல். பழைய சுவிட்சுகளை மாற்றுகிறார்கள். கூட வந்த தம்பிக்குப் பத்தொன்பது வயது, வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். இணைப்புக் கொடுப்பதற்கு முன் புதிய சுவிட்சை மேசையில் வைத்து, ஒரு குட்டைக் கேபிளை அவனிடம் கொடுத்து, இரண்டு முனையையும் இதிலேயே செருகு என்றேன். "அண்ணா, அப்படிச் செய்யக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றான். செருகு என்றேன்.

இரண்டு விளக்கும் ஆரஞ்சில் நின்றன. சுவிட்ச் பதினைந்து வினாடி கேட்கும், பதினைந்து வினாடி கற்றுக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பதாவது வினாடியில் ஒன்று பச்சையானது. மற்றொன்று ஆரஞ்சிலேயே இருந்தது. அது ஏன் மாறவில்லை என்று தம்பி கேட்டான், நான் பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் மரம் வரைய ஆரம்பித்தேன்.