எஸ்டீமில் ஆயில் பிரஷர் 6.5 பார்: காரணம் கிடைத்தது

ஆறு மாசமாகப் பிரித்துச் சேர்த்த மாருதி எஸ்டீம் கார் இஞ்சின், காரைக்குடி வீட்டு ஷெட்டில் போன ஞாயிறு ஸ்டார்ட் ஆனது. 1.3 லிட்டர், 16 வால்வு. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, ஹெட்டில் போர்ட் வேலையும் செய்திருக்கிறேன். சத்தம் அவ்வளவு சுத்தம். பத்து நிமிஷத்தில் ஆயில் ஃபில்டர் ரப்பர் ஓரமாகக் கசிய ஆரம்பித்தது. டேஷ்போர்டில் புதிதாக வைத்த மீட்டர் 7 பாரைத் தாண்டி நின்றது.

பக்கத்துப் பட்டறை அண்ணனிடம் சொன்னேன். "பிரஷர் கூட இருந்தா நல்லதுதானே தம்பி, கம்மியா இருந்தாத்தான் பயப்படணும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஃபில்டர் டப்பா வெடித்தால் ஆயில் மொத்தமும் நொடியில் ரோட்டுக்குப் போய்விடும். அப்புறம் பேரிங் மிஞ்சாது.

முதலில் மீட்டரையே நம்பவில்லை. ஆயில் லைட் சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் கிளிசரின் நிரப்பிய மெக்கானிக்கல் கேஜ் மாட்டினேன். அதிலும் பிரஷர் கூடத்தான் இருந்தது. சூடேறிய பிறகு ஐட்லிங்கில் 2.5, 3000 ஆர்பிஎம்மில் 6.5, 5000-த்திலும் அதே 6.5.

ஊற்றியிருந்தது 20டபிள்யூ-50, கெட்டியான ஆயில். அதை இறக்கிவிட்டு, அதைவிட இளகலான 10டபிள்யூ-30 ஊற்றினேன். ஐட்லிங் 1.8-க்கு வந்தது. ஆனால் முள் 6.5 வரை போகத்தான் செய்தது, 3500-ஐத் தாண்டிக் கொஞ்சம் தாமதமாக. அதற்கு மேல் ஏறவில்லை.

எனக்கு வழி காட்டியது இதுதான். பேரிங் இறுக்கமாக இருந்தாலோ ஆயில் கெட்டியாக இருந்தாலோ ஐட்லிங் பிரஷர் ஏறும். முள் போய் நிற்கிற இடத்தை முடிவு செய்வது, பிரஷர் கூடினால் திறந்து ஆயிலைத் திருப்பி விடுகிற ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங். வால்வு அடியோடு சிக்கியிருந்தால் ஆர்பிஎம் கூடக் கூட முள்ளும் ஏறிக்கொண்டே போகும். இங்கே ஒரே இடத்தில் நிற்கிறது. ஆக, வால்வு திறக்கிறது, ஆனால் பிந்தித் திறக்கிறது. சேர்க்கும்போது பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்துப் பார்த்த மெயின் பேரிங் இடைவெளி 0.03 மில்லிமீட்டர், அதில் குறையில்லை. ஃபில்லர் மூடியைத் திறந்தால் ராக்கரில் ஆயில் வழிந்து ஓடுவது தெரிந்தது. மேலே போகும் வழியிலும் அடைப்பில்லை.

அந்த வால்வு ஆயில் பம்ப்புக்குள் இருக்கிறது. இந்த இஞ்சினில் பம்ப் கிராங்க் மூக்கில், அதாவது கிராங்க் ஷாஃப்ட்டின் முன் முனையில், உட்கார்ந்திருக்கும். டைமிங் பெல்ட், சம்ப், ஸ்ட்ரெய்னர் எல்லாம் கழற்ற வேண்டும். ஒரு நாள் முழுக்கப் போனது. பம்ப்பைப் பின்கட்டுக்குக் கொண்டுவந்தேன். அங்கே ஆத்தங்குடிக் கல் தரை, எண்ணெய் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும். அப்பத்தா பழைய கோணிச்சாக்கு ரெண்டு விரித்துக் கொடுத்தார்கள்.

சர்க்ளிப்பை எடுத்ததும் ஸ்பிரிங் துள்ளி வந்தது. அதன் பின்னால், ஒன்றோடொன்று ஒட்டி, ரெண்டு வாஷர். கம்பெனி வைத்ததில்லை; ஓரத்தில் கை அரம் போட்ட கோடு தெரிந்தது. பம்ப் செகண்ட் ஹாண்டில் வாங்கியது, ஸ்பிரிங்கை இறுக்கிப் பிரஷர் ஏற்ற யாரோ வைத்திருக்கிறார்கள். வாங்கிய அன்றே ரோட்டர் இடைவெளி பார்த்தவன், இந்த வால்வையும் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

வாஷரை எடுத்தேன். வால்வுக்குள் நகரும் பிளஞ்சரை ஆயிலில் முக்கி அதன் குழாயில் விட்டால் தன் கனத்திலேயே மெல்ல வழுக்கி இறங்கியது, கீறல் இல்லை. ரோட்டர் பல்லுக்குள் வாசலின் நிரப்பி, புது கேஸ்கெட், புது ஃபில்டரோடு மறுபடி சேர்த்தேன்.

நேற்று விடியற்காலை திருமயம் வரை ஓட்டினேன். ஐட்லிங்கில் அதே 1.8, எவ்வளவு மிதித்தாலும் 4.5-க்கு மேல் போகவில்லை. கோட்டைக்குக் கீழே நிறுத்தி ஃபில்டரைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.