கதவு இடைவெளி

“இன்னும் ஒரு நூல் ஏத்து தம்பி.”

வெல்டர் அண்ணன் சொல்லச் சொல்ல ஜாக்கியை மெல்ல ஏற்றினேன். ஜாக்கிக்கும் கேபின் தரைக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை. இல்லையென்றால் தகடு பள்ளமாகிவிடும்.

நாகப்பட்டினத்தில் அப்பா மீன் ஏற்றிய பிக்கப். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் வருடக்கணக்கில் வடிந்து, சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், கேபினைத் தாங்கும் பிராக்கெட்டுகளைத் தின்றுவிட்டது. கேபின் சரிந்து, கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் மூடும். விற்க மனம் வரவில்லை.

அண்ணன் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டவில்லை. ஒன்றை வெட்டி, புதியதைப் பொருத்தி, அப்புறம்தான் அடுத்தது. மொத்தமாக வெட்டினால் கேபின் முன்பு எங்கே உட்கார்ந்திருந்தது என்பதே தெரியாமல் போய்விடுமாம்.

டேப் வைத்தும் அளந்தார். ஆனால் அவர் நம்பியது கதவைத்தான். கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக ஓடுகிறதா என்று விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

போல்ட் நேராக இறங்கியதும், பிராக்கெட் நகராமல் இருக்க நான்கு இடத்தில் பொட்டு வெல்டிங். கேபினுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ரப்பர் புஷ் கருகாமல் இருக்க அதைக் கழற்றினார். பிறகு முழு வெல்டிங், இங்கே ஒரு விரல் நீளம், எதிர்ப்பக்கம் ஒரு விரல் நீளம். ஒரே பக்கமாக ஓட்டினால் ஆறும்போது இரும்பு அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் இந்த வேலை கண்ணில் படும். அதற்கு இவ்வளவு பொறுமை! இந்தக் கைகளுக்கு நாம் கொடுக்கும் கூலி ரொம்பக் குறைவு.

சாயங்காலம் கதவைச் சாத்தினேன். தூக்கிப் பிடிக்காமலே மூடிக்கொண்டது.