"அன்னைக்குப் பேர் போடுவாங்களா?"

எங்க சின்னம்மா மூனு மாசமா தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல சுவரப் பார்த்துத்தான் படுத்திருக்காங்க. கொழுந்துக் கூடை ஆணியில அப்படியே தொங்குது. "சோம்பேறித்தனம்"னு ஒரு பக்கம், "கோடாங்கியக் கூப்பிடுங்க"ன்னு இன்னொரு பக்கம்.

டவுன் கிளினிக்ல மனச்சோர்வு நோய்னு சொல்லி, ரெண்டு வகை மாத்திரை மாத்தியும் சரிவரல. டாக்டர் சிங்களத்துல சொன்னத நான்தான் தமிழ்ல சொன்னேன்: மூளைக்குக் கரண்ட் குடுக்கிற வைத்தியம் (ECT) பார்க்கலாம், மயக்கம் குடுத்துத்தான் செய்வாங்க, வலிக்காது, வாரத்துக்கு 2, 3 தடவை, மொத்தம் 6லருந்து 12 வரைக்கும் போகலாம். (எனக்குத் தெரிஞ்ச கடைச் சிங்களத்த வச்சு இதை விளங்கிக்கிட்டது தனிக்கதை.)

சின்னம்மா கேட்டது ஒன்னுதான். "அன்னைக்குப் பேர் போடுவாங்களா?"

பேர்னா, தோட்டத்துல அன்னைக்கு வேலை செஞ்சதாப் பதியிற நாள் சம்பளம். கிளினிக் போற அன்னைக்கு அரைப்பேர்கூட விழாது. வார்டுலயே சேர்த்துடலாம்னா, தங்கச்சிய யாரு பள்ளிக்கூடம் அனுப்புறது?

மாத்திரைக்குக் கேக்காத மனச்சோர்வுக்கு, அமெரிக்காவுல 2019லயே எஸ்கெட்டமின்னு மூக்குல அடிக்கிற மருந்துக்கு அனுமதி குடுத்துட்டாங்க. முதல் மாசம் வாரத்துக்கு ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 2 மணித்தியாலம் அங்கயே கண்காணிப்புல இருக்கணுமாம். எங்க தோட்டத்துக்குக் கடைசி பஸ் நாலரைக்கு.

இதே நிலைமையில யாராச்சும் வீட்டுல இருந்தா, இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்து உதவி நம்பர் 1926க்கு அடிங்க.

அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. சீட்டுக்காசுல ஓட்டோவுக்கு எடுத்து வச்சிருக்கேன்.